தாய்ப்பசு வழி வருவது பாலா, மைட்டோகாண்ட்ரியாவா?

கேள்வி: எங்கள் தொழுவத்தில் ஒரு கிழப்பசு இருக்கிறது. அதன் மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி எல்லாமே நன்றாகக் கறக்கின்றன. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காளையின் சினை ஊசிதான் போட்டோம். அப்படியும் பால் குறையவில்லை. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வரும் என்று படித்தேன். அப்படியானால் பால் தாய்வழிச் சொத்துதானா? இனி மாடு வாங்கும்போது அந்த டிஎன்ஏவைப் பரிசோதித்து வாங்கலாமா?

பதில்: பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவுக்கும் உற்பத்திக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது சிறிய தொடர்பு. உங்கள் தொழுவத்தில் நீங்கள் பார்ப்பதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள். என்றாலும் உங்கள் கேள்வி லேசான கேள்வி இல்லை. கால்நடை மரபியல் படித்தவர்கள் நாற்பது ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். எந்த இடத்தில் அது வலுக்கிறது, எந்த இடத்தில் ஏமாற்றுகிறது என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த டிஎன்ஏவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தீவனத்திலிருந்து வந்த சத்தை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, செல்லுக்கு வேண்டிய ஆற்றலை ஏடிபி வடிவில் கொடுப்பவை மைட்டோகாண்ட்ரியாக்கள். செல்லின் நடுவிலுள்ள உட்கருவில் இருக்கும் குரோமோசோம்களுக்கு வெளியே இவற்றுக்கென்று தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் உண்டு. மனிதனின் வளையத்தைப் படித்து முடித்த மறு ஆண்டே, 1982-இல், மாட்டின் வளையத்தையும் முழுதாகப் படித்துவிட்டார்கள். மொத்தம் 16,338 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டுமே புரதங்களுக்கானவை. மீதி 24, அந்தப் புரதங்களைச் செய்யத் தேவையான ஆர்என்ஏக்களுக்கானவை. உட்கருவின் டிஎன்ஏவில் ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள் இருக்கின்றன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த 13 புரதங்களும் ஆற்றல் உற்பத்தியின் நட்டநடுவில் வேலை செய்பவை. அதனால் அங்கே ஓர் எழுத்து மாறினால் மாட்டின் உடலில் ஏதாவது மாறத்தான் செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயம். மடியின் சுரப்புச் செல்கள் பாலின் லாக்டோஸையும் புரதத்தையும் செய்ய ஏடிபியை வாரி இறைக்கின்றன. ஆனால் ஒரு மைட்டோகாண்ட்ரியா இயங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அந்த 13 போக மற்ற எல்லாமே உட்கருவின் மரபணுக்களிலிருந்து வருகின்றன. உட்கருவில் பாதி காளையுடையது. ஆகவே மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருகிறது என்பது சரி. மைட்டோகாண்ட்ரியாவின் வேலைத்திறன் தாயிடமிருந்து மட்டும் வருகிறது என்பது சரியில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சிக்கல். ஆங்கஸ் இன மாடுகளில் 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. குறைந்த தீவனத்தில் நிறைய எடை போடும் மாடுகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்தன. ஆனால் நல்ல மாடுகளுக்கும் மற்றவற்றுக்கும் இடையே மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் சொல்லும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை.

தாயிடமிருந்து மட்டும் வருவது எப்படி? பசுவின் முட்டையில் இந்த வளையத்தின் நகல்கள் லட்சக்கணக்கில் இருக்கும். விந்தணுவிலும் கொஞ்சம் உண்டு, வால் அடிக்க ஆற்றல் வேண்டுமே. ஆனால் விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாக்களின் மேல் யூபிக்விட்டின் என்ற புரதக் குறி ஒட்டப்பட்டு, கருவுற்ற சில நாட்களுக்குள் அவை அழிக்கப்பட்டுவிடுகின்றன. 1999-இல் இதைக் காட்டிய ஆய்விலும் மாட்டின் கருக்கள் இருந்தன. ஆக, எவ்வளவு உயர்ந்த காளையின் உறைவிந்தைப் போட்டாலும் அதன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கன்றுக்குப் போகாது. உங்கள் கிழப்பசு போட்ட காளைக்கன்றிடம் அவளுடைய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இருக்கும். ஆனால் அந்தக் கன்றோடு அது முடிந்துவிடும். கிடேரி வழியாக மட்டும்தான் அது தொடரும்.

இங்கே கறவை மாடுகள் உலக அறிவியலுக்குக் கொடுத்த ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹாஸ்வர்த், பிலிப் லைபிஸ் என்ற இருவர், ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனப் பசுக்களில் ஒரே தாய்வழியைச் சேர்ந்த மாடுகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படித்தார்கள். தாய்வழி ஒன்றுதான், எனவே எல்லா மாடுகளிலும் ஒரே எழுத்துதான் இருக்க வேண்டும். ஆனால் 1982-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. ஒரே குடும்பத்துப் பசுக்கள் சிலவற்றில் ஒரு வடிவமும் மற்றவற்றில் வேறு வடிவமும் இருந்தன. அந்த மாற்றம் ஓரிரு தலைமுறைக்குள் முழுதாக நடந்திருந்தது. லட்சக்கணக்கான நகல்களில் ஒன்றில் ஏற்பட்ட பிழை, இவ்வளவு சீக்கிரம் எப்படி எல்லா நகல்களையும் பிடித்துக்கொண்டது? முட்டை உருவாகும் பாதையில் ஒரு குறுகலான கட்டம் இருக்கிறது, அங்கே கொஞ்சம் நகல்கள் மட்டுமே தேறி, பிறகு பெருகுகின்றன என்ற விளக்கம் அப்படித்தான் பிறந்தது. இரண்டு ரக நெல் கலந்த மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, அதையே விதைத்து அடுத்த மூட்டையை நிரப்பினால், பிடியில் எந்த ரகம் கூடுதலாக வந்ததோ அதுதான் மூட்டையை ஆளும். ஒன்றிரண்டு முறை இப்படி அள்ளினால் ஒரு ரகமே காணாமல் போகலாம். மனிதர்களில் மைட்டோகாண்ட்ரியா நோய்கள் ஏன் ஒரே தாயின் ஒரு பிள்ளைக்குக் கடுமையாகவும் இன்னொரு பிள்ளைக்கு லேசாகவும் வருகின்றன என்பதைப் புரியவைத்த கருத்து இது. ஒரு கறவை மந்தையின் வம்சாவளி ஏடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததால் கிடைத்த புரிதல்.

இப்போது பாலுக்கு வருகிறேன். 1985-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பெல், மெக்டேனியல், ராபிசன் ஆகியோர் கறவை மாடுகளைத் தாய்வழி தாய்வழியாகப் பின்னோக்கிப் போய், வம்சாவளி ஏட்டில் பதிவான முதல் பசு வரை கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரே முதல் பசுவில் முடியும் மாடுகளெல்லாம் ஒரு கூட்டம். கூட்டத்துக்குக் கூட்டம் பால் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்குப் போட்டார்கள். பால் அளவில் காணப்படும் மொத்த மாறுபாட்டில் ஏறத்தாழ 2 சதவீதம் தாய்வழிக் கூட்டத்தால் வருகிறது, கொழுப்புச் சதவீதத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதல் என்பது முடிவு. பண்ணைத் துறையில் இது பெரிய பரபரப்பைக் கிளப்பியது. பசு வழிக்கு இத்தனை நாள் உரிய மதிப்புக் கொடுக்காமல் விட்டுவிட்டோமோ என்று பலர் பேசத் தொடங்கினார்கள்.

மறு ஆண்டே கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரையன் கென்னடி அந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். என் பார்வையில் இந்தத் துறையில் கேட்கப்பட்ட மிக முக்கியமான கேள்வி அதுதான், உங்கள் தொழுவத்துக்கும் அப்படியே பொருந்தும். ஒரு தாய்வழியைச் சேர்ந்த மாடுகள் பகிர்ந்துகொள்வது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை மட்டுமா? மகளிடம் தாயின் உட்கரு மரபணுக்களில் பாதி இருக்கிறது. பேத்தியிடம் கால்பங்கு, கொள்ளுப்பேத்தியிடம் அரைக்கால். முதல் பசு உட்கருவிலேயே நல்ல சரக்கோடு இருந்திருந்தால், நாலைந்து தலைமுறைக்கு அந்தக் குடும்பம் முழுவதும் நன்றாகத்தான் கறக்கும். அந்த ஒற்றுமையைச் சரியாகக் கழித்துவிட்டுப் பார்க்காத கணக்கு, உட்கருவின் பெருமையை மைட்டோகாண்ட்ரியாவின் பேரில் எழுதிவிடும். ஒவ்வொரு மாட்டுக்கும் மற்ற ஒவ்வொரு மாட்டோடும் உள்ள உறவை முழுதாகக் கணக்கில் எடுக்கும் முறைகள் வந்த பிறகு, முன்பு பெரிதாகத் தெரிந்த தாய்வழி விளைவுகளில் பல சுருங்கின. சிலவற்றில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அயோவாவிலும் மற்ற இடங்களிலும் நடந்த வேலைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பூஜ்யத்திலிருந்து ஒரு சில சதவீதம் வரை என்பதுதான் நியாயமான மதிப்பீடு.

உங்கள் கிழப்பசுவின் குடும்பத்துக்குத் திரும்பி வருவோம். மூன்று தலைமுறை என்கிறீர்கள். அந்தத் தூரத்துக்கு உட்கரு ஒற்றுமையே தாராளமாகப் போதும். அதோடு இன்னும் சில காரணங்கள் சேர்கின்றன. எல்லா மாடும் ஒரே தொழுவம், ஒரே தீவனம், ஒரே கையின் கறவை. நல்ல பசுவின் கிடேரி என்று தெரிந்ததும் சீம்பாலை வயிறாரக் கொடுத்திருப்பீர்கள், கன்றுத் தீவனத்தில் குறை வைத்திருக்க மாட்டீர்கள். சுமாராகக் கறந்த பசுவின் கிடேரியைச் சந்தைக்கு ஓட்டியிருப்பீர்கள், அதனால் அந்த வழி உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. நல்ல பசுவுக்கு ஊசி போடும்போது நல்ல காளையின் விந்துக் குச்சியாகப் பார்த்துப் போடச் சொல்லியிருப்பீர்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை என்று. மாடு வளர்க்கும் யாரும் செய்வதுதான் இது. ஆகவே காளை மாறி மாறி வந்ததாகத் தோன்றினாலும், வந்த காளைகள் பெரும்பாலும் தேர்ந்த காளைகளாகவே இருந்திருக்கும். தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள், பாலைப் பார்த்துப் பசுவைக் கொள் என்ற பழமொழி பொய்யில்லை. தாயைப் பார்ப்பது மகளின் பாதி உட்கருவைப் பார்ப்பது. அது பலன் தருவதற்கு மைட்டோகாண்ட்ரியா தேவையே இல்லை.

2 சதவீதம் என்பது கையில் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்ளும் எண்கள்தான் இவை. ஒரு மந்தையில் 305 நாள் ஈத்துக்குச் சராசரி 3,000 லிட்டர். மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாட்டின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து மாடுகள் வழக்கமாக விலகும் அளவு, 600 லிட்டர். மாறுபாட்டில் 2 சதவீதம் என்று சொல்லும்போது வர்க்கமூலம் எடுக்க வேண்டும், 0.02-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.14. அதை 600-ஆல் பெருக்கினால் 85 லிட்டர். அதாவது சராசரியைவிட ஒரு படி மேலான மைட்டோகாண்ட்ரியா வழியில் பிறந்த பசு, ஓர் ஈத்துக்கு 85 லிட்டர் கூடுதலாகக் கறக்கலாம். நாளொன்றுக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல். பால் அளவின் மரபுத்திறன், அதாவது மொத்த மாறுபாட்டில் உட்கரு மரபணுக்களால் வரும் பங்கு, 30 சதவீதம் என்று வைத்து இதே கணக்கை உட்கருவுக்குப் போட்டால் 330 லிட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. கால் லிட்டரை நான் ஒன்றுமில்லை என்று தள்ளவில்லை. பத்து மாடு, பத்து ஆண்டு என்றால் அது காசுதான். ஆனால் வெளியே தெரியாத மடிநோய் ஒரு காம்பில் இருந்தாலே அதைவிடக் கூடுதலாகப் பறிபோகும்.

இன்னொரு விஷயம். தேர்வு செய்ய வேண்டுமானால் வேறுபாடு இருக்க வேண்டும். ஐரோப்பிய மாடுகளில் மிகப் பெரும்பாலானவை டி3 (T3) என்ற ஒரே தாய்வழிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஹோல்ஸ்டீனும் அப்படித்தான். மேற்காசியாவில் மாட்டைப் பழக்கியபோது இருந்த சில காட்டுப் பசுக்களிடமிருந்து கிளைத்து, சில ஆயிரம் ஆண்டுகளில் பரவிய கூட்டம். அதற்குள் ஒரு மாட்டுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு சில எழுத்துகள்தான் மாறியிருக்கும். அந்த மாற்றங்களில் பலவும் டி-வளையம் (D-loop) எனப்படும், எந்தப் புரதத்துக்கும் குறிப்பு இல்லாத பகுதியில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அந்தப் பகுதியை மட்டுமே படித்துப் பாலோடு ஒப்பிட்டார்கள். படிக்கச் செலவு குறைவு, வேறுபாடு அதிகம் என்பது காரணம். அங்கே ஓர் எழுத்துக்கும் கொழுப்புச் சதவீதத்துக்கும் தொடர்பு தெரிந்தால், அந்த எழுத்துதான் வேலையைச் செய்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. உட்கரு டிஎன்ஏவைப் போல இந்த வளையம் தலைமுறைதோறும் வெட்டிக் கலைத்துச் சேர்க்கப்படுவதில்லை. 16,338 எழுத்துகளும் ஒட்டுமொத்தமாகச் சேர்ந்தே பயணம் செய்கின்றன. ஆகவே உண்மையான காரணம் வளையத்தின் மறுகோடியில் இருக்கலாம், அங்கே எதுவுமே இல்லாமல் அந்தக் கூட்டத்து மாடுகள் தற்செயலாக நல்ல பண்ணைகளில் இருந்திருக்கவும் செய்யலாம். வளையத்தை முழுதாகப் படிக்காமல் எழுதப்பட்ட முடிவுகளை நான் எப்போதும் ஒரு கை தள்ளி வைத்தே வாசிப்பேன்.

ஜப்பானியக் கறுப்பு மாடுகளில் நடந்த வேலை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. இறைச்சியில் நூல் நூலாகக் கொழுப்பு ஓடுவதற்காகவே பெயர் பெற்ற இனம் அது. 1998-இல் மன்னென் என்ற கோபே பல்கலைக்கழக ஆய்வாளரும் அவர் குழுவும், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் சில மாற்றங்கள் அந்தக் கொழுப்பு ஓட்டத்தோடும் முதுகுத் தசையின் பரப்போடும் தொடர்புள்ளவை என்று காட்டினார்கள். பிறகு அதே இனத்தில் மேலும் ஆராய்ந்தார்கள். பாலைவிட இறைச்சிப் பண்புகளில் இந்தத் தேடலுக்குக் கொஞ்சம் பிடிமானம் இருப்பதாக எனக்குப் படுகிறது. தசைக்குள் கொழுப்பு சேர்வது, தசை தன் எரிபொருளை எரிக்கிறதா சேமிக்கிறதா என்பதோடு நேரடியாகப் பிணைந்தது.

இதுவரை சொன்னது ஓர் இனத்துக்குள் நடக்கும் கதை. தூரத்து உறவுகள் கலக்கும்போதுதான் விஷயம் உண்மையில் சூடுபிடிக்கிறது, நம் ஊர் மாடும் அங்கேதான் கதைக்குள் வருகிறது.

1994-இல் லோஃப்டஸ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா மூன்று பக்கத்து மாடுகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். இரண்டு பெரும் வழிகள் தெரிந்தன. திமில் இல்லாத மாடுகளுடையது ஒன்று, இந்தியத் திமில் மாடுகளுடையது மற்றொன்று. இரண்டும் பிரிந்து குறைந்தது இரண்டு லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். மனிதன் மாட்டைப் பழக்கியதோ சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்குள். ஆகவே இந்தியாவின் மாடு மேற்காசியாவிலிருந்து ஓட்டிவரப்பட்டதல்ல, இந்தத் துணைக்கண்டத்துக் காட்டு மாட்டிலிருந்து இங்கேயே தனியாகப் பழக்கப்பட்டது என்பது இதிலிருந்து உறுதியானது. இந்தியத் திமில் மாட்டின் வழிகளுக்கு ஐ1, ஐ2 என்று பெயர். திமிலற்ற மாடுகளின் டி (T) வழிக்கும் இந்த ஐ வழிக்கும் இடையே வளையத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எழுத்துகள் மாறியிருக்கின்றன. ஹோல்ஸ்டீனுக்குள் தேடும் ஒன்றிரண்டு எழுத்து எங்கே, இது எங்கே.

அதே ஆய்வில் இன்னொரு வியப்பும் இருந்தது. திமிலோடு நிற்கும் ஆப்பிரிக்க மாடுகளின் மைட்டோகாண்ட்ரியாவோ திமில் இல்லாத மாட்டுடையது. இந்தியாவிலிருந்து போன திமில் காளைகள் அங்கிருந்த பசுக்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்ததன் தடம் அது. உருவம் காளை வழியாக மாறிவிட்டது, தாய்வழி அப்படியே நின்றுவிட்டது.

பிரேசிலில் இது நம் காலத்துக்கு வெகு அருகில் நடந்தது. அங்கே இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெலோரே இனம். ஆந்திரத்தின் நெல்லூர்ப் பெயர்தான் அது, இங்கே நாம் ஓங்கோல் என்று சொல்லும் மாடு. 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து 1960-கள் வரை இந்தியாவிலிருந்து கப்பலேறிய திமில் மாடுகள் மொத்தமே சில ஆயிரம். இன்றைக்கு அங்கே அந்த இரத்தம் ஓடும் மாடுகள் கோடிக்கணக்கில். எப்படிப் பெருகின? போர்ச்சுக்கீசியர்கள் முன்பே கொண்டுவந்திருந்த திமில் இல்லாத பசுக்களின் மேல் ஓங்கோல் காளைகளை விட்டு, பிறந்த கிடேரியின் மேல் மறுபடியும் ஓங்கோல் காளை, அதன் கிடேரியின் மேல் மறுபடியும் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். ஐந்து தலைமுறையில் உட்கரு 32-இல் 31 பங்கு ஓங்கோல் ஆகிவிடும். மைட்டோகாண்ட்ரியாவோ நூறு தலைமுறையானாலும் அந்தப் போர்ச்சுக்கீசியப் பசுவுடையதுதான். 1999-இல் பிரேசில் ஆய்வாளர்கள் சோதித்தபோது, தூய திமில் இனம் என்று பதிவான மாடுகளில் கணிசமானவற்றிடம் ஐரோப்பிய வழி மைட்டோகாண்ட்ரியா இருந்தது. அவை வெயிலில் வாடவில்லை, மேய்ச்சலில் தேறாமல் போகவில்லை, உலகத்துக்கே இறைச்சி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. வெயில் தாங்கும் திறன் நாட்டு மாட்டின் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்பவர்களுக்கு நான் இந்த நெலோரே மாட்டைத்தான் காட்டுவேன். தளர்ந்த தோல், வியர்வைச் சுரப்பிகள், மெல்லிய பளபளப்பான ரோமம், குறைந்த உடல் வெப்ப உற்பத்தி என்று திமில் மாட்டைக் காக்கும் பெரும்பாலான பண்புகள் உட்கரு வழியாகவே ஏறிவிடுகின்றன.

நம் ஊரில் நடந்தது இதன் நேர் எதிர்ப்பக்கம். நாம் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்தைக் கொண்டுவந்து நம் பசுக்களுக்குப் போட்டோம். எனவே தமிழ்நாட்டுத் தொழுவங்களில் நிற்கும் கலப்பினப் பசுக்களின் உட்கருவில் பாதியோ முக்காலோ ஐரோப்பியம், மைட்டோகாண்ட்ரியா அநேகமாகத் திமில் மாட்டுடையது. கறுப்பு வெள்ளைத் திட்டும் திமிலற்ற முதுகுமாக முழு ஹோல்ஸ்டீன் போலவே தெரியும் ஒரு பசுவின் உள்ளேகூட, எப்போதோ இந்த மண்ணில் உழவு மாட்டை ஈன்ற ஒரு பசுவின் வளையம் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கிழப்பசுவும் கலப்பினம் என்றால் அதுவும் அப்படித்தான். வெளிநாட்டுப் பசுவாகவோ சினைக்கிடேரியாகவோ இறக்குமதியான வழிகள் மட்டும் விதிவிலக்கு.

இப்படி உட்கரு ஒரு வழி, மைட்டோகாண்ட்ரியா ஒரு வழி என்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகுமா? சந்தேகம் நியாயமானது. ஆற்றல் உற்பத்தியின் பெரிய புரதக் கூட்டுகளில் நான்கில், உட்கரு, மைட்டோகாண்ட்ரியா என்ற இரு பக்கத்துப் புரதங்களும் பக்கத்தில் பக்கத்தில் பொருந்தினால்தான் ஓடும். தூரம் அதிகமானால் பொருத்தம் கெடும் என்பதற்கு வட அமெரிக்கக் காட்டெருமையான பைசன் நல்ல சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது அழியும் நிலைக்கு வந்தபோது, பண்ணைக்காரர்கள் சிலர் மிஞ்சியவற்றை வீட்டு மாட்டோடு கலந்தார்கள். அதனால் இன்றும் சில பைசன்களிடம் வீட்டுப் பசுவின் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. 2012-இல் ஜேம்ஸ் டெர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இரண்டு இடங்களில் இதைச் சோதித்தார்கள். ஒன்று கலிஃபோர்னியாவின் சான்டா கேட்டலினா தீவு, மேய்ச்சலுக்குப் பஞ்சமான இடம். மற்றொன்று மொன்டானாவில் கொட்டிலில் தீவனம் போட்டு வளர்த்த ஆண் பைசன்கள். தீனியின் வேறுபாடு எவ்வளவு என்றால், இரண்டு வயது ஆண்களின் சராசரி எடை மொன்டானாவில் தீவைவிட 2.54 மடங்கு. அப்படியும் இரண்டு இடத்திலும் ஒரே போக்கு: பசுவின் மைட்டோகாண்ட்ரியா கொண்டவை எடை குறைவாக இருந்தன. தீவில் உயரமும் குறைவாக இருந்தது. தீனி கொட்டிக் கொடுத்தும் மறையாத விளைவு என்பதால் இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பைசனும் மாடும் வேறு வேறு விலங்கினங்கள் என்பதை மறக்கக் கூடாது. திமில் மாடும் திமிலற்ற மாடும் அவ்வளவு தூரம் இல்லை, பிரேசிலின் மந்தைகளே அதற்குச் சான்று. ஆனாலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் விளைவை உற்பத்திப் பண்புகளில் தேட நினைக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஹோல்ஸ்டீனுக்குள் ஒன்றிரண்டு எழுத்தைத் துரத்துவதைவிட, இருநூறு எழுத்து வேறுபாட்டோடு ஒரே தொழுவத்தில் ஒரே தீவனம் தின்னும் கலப்பினங்களைப் பாருங்கள். பால் லிட்டரை மட்டும் அளக்காதீர்கள். சினைப்பிடிப்பு, முட்டையின் தரம், கோடையில் தீவனம் எடுப்பது இவற்றையும் அளந்து பாருங்கள். கருவுற்ற முதல் சில நாட்களில் கரு தனக்கென்று புதிய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நகல்களைச் செய்வதில்லை, முட்டையில் இருந்த இருப்பையே பங்கு போட்டுக்கொண்டு செல்கள் பிரிகின்றன. அதனால் பாலைவிடச் சினைப்பிடிப்பில் இதன் கை ஓங்கியிருக்க உயிரியல் காரணம் தெளிவாகவே இருக்கிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, பரிசோதித்து வாங்கலாமா என்பது. பாலுக்காக வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். இன்னொரு காரியத்துக்காகவும் வேண்டாம். நாட்டு மாடு என்பதை நிரூபிக்க மைட்டோகாண்ட்ரியா சோதனை முடிவை யாராவது காட்டினால் நம்பி விலையை ஏற்றிக்கொடுத்துவிடாதீர்கள். உட்கருவில் முக்கால் பங்குக்கு மேல் ஹோல்ஸ்டீனாக இருக்கும் பசுவும் அந்தச் சோதனையில் அசல் திமில் மாடாகத் தேறிவிடும், மேலே சொன்ன காரணத்தால். தூய்மையை அறிய உட்கரு டிஎன்ஏ சோதனைதான் வேண்டும். பாலின் கேசீன் புரதத்தின் ஒரு வகையை வைத்துச் சொல்லப்படும் ஏ2 பாலுக்கும் இதற்கும் துளியும் தொடர்பில்லை. அந்தக் கேசீன் மரபணு இருப்பது ஆறாவது குரோமோசோமில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவது.

காளை தேர்வில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தாய் எவ்வளவு கறந்தாள் என்று பார்ப்பது வழக்கம். அந்தத் தாயின் பாலில் ஒரு பகுதி மைட்டோகாண்ட்ரியாவால் வந்திருந்தால், அந்தப் பகுதியைக் காளை தன் மகள்களுக்குக் கொடுக்கவே முடியாது. எனவே தாயின் ஒரே ஒரு சாதனைக் கறவையை விளம்பரம் செய்யும் காளையைவிட, பல தொழுவங்களில் அதன் மகள்கள் கறந்த அளவை வைத்து மதிப்பிடப்பட்ட காளையின் குச்சியைக் கேட்டு வாங்குங்கள். மகள்களின் பாலில் தெரிவது காளை உண்மையில் கொடுத்தது மட்டுமே.

கரு மாற்று முறையில் கன்று எடுக்கப் போகிறீர்கள் என்றால் முட்டை யாருடையது என்று கேளுங்கள். சுமக்கும் பசுவிடமிருந்து மைட்டோகாண்ட்ரியா வராது, முட்டை கொடுத்த பசுவிடமிருந்துதான் வரும். குளோனிங்கில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2023 மார்ச் 16 அன்று கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் கங்கா என்ற குளோன் கிடேரி பிறந்தது. உடல் செல் கொடுத்தது ஒரு கிர் பசு. உட்கருவை எடுத்துவிட்டுப் பயன்படுத்திய முட்டை ஒரு சாஹிவால் பசுவுடையது. சுமந்து ஈன்றது ஒரு கலப்பினப் பசு. கிர் பசுவின் நகல் என்று எல்லோரும் அழைத்தாலும், இத்தகைய குளோன்களில் முட்டையின் மைட்டோகாண்ட்ரியாதான் பெரும்பங்கு நிற்கும் என்பதால், கங்காவின் செல்களில் ஆற்றல் தரும் அந்தச் சின்ன வளையம் சாஹிவால் வழியுடையதாகவே இருக்க வேண்டும். அவள் ஈனும் கிடேரிகளும் அதையே கொண்டுபோகும்.